முதல் கையெழுத்தும் தெருக்குழாயும்

தூத்துக்குடி மில்லர்புரத்தில் எங்கள் தெருவை 'மனிதர் குடியிருக்க லாயக்கில்லாத இடம்' என்று காகிதத்தில் எழுதியவர் ஒரு பேங்க் அதிகாரி. அந்தக் காகிதத்தில் முதல் கையெழுத்து என்னுடையது. இதை இன்றைக்கும் ஆத்திரத்தோடுதான் எழுதுகிறேன்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். உப்பளத்தில் வெறுங்காலோடு உப்பு சுமந்து, பிறகு துறைமுகத்தில் மூட்டை தூக்கி, கடைசியில் சொந்த லாரி வாங்கி வீடு கட்டியவன். எவன் சிபாரிசும் கிடையாது. எங்கள் தெருவில் முதல் மாடி என்னுடையது. முதல் டெலிபோனும் என்னுடையதுதான். அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் வந்து விசாரித்துக்கொள்ளலாம்.

என் கையெழுத்து உப்பளக் கணக்கப்பிள்ளை போடுவதைப் பார்த்துப் பார்த்துத் தரையில் குச்சியால் கீறிப் பழகியது. முடியும் இடத்தில் பின்னோக்கி நீளமாக ஒரு வால் இழுப்பேன். தெருவிளக்கோ, சாக்கடையோ, எங்கள் தெருவிலிருந்து எந்த மனு போனாலும் என் கையெழுத்துதான் தலையில் இருக்கும். அப்புறம் காகிதம் வீடு வீடாகப் போகும். யாரும் வாசிக்க மாட்டார்கள். "அண்ணாச்சி போட்டுட்டாவளா?" என்று மட்டும் கேட்பார்கள். வாலைப் பார்த்ததும் போட்டுவிடுவார்கள். அதில் எனக்கு எவ்வளவு பெருமை!

தண்ணீரைப் பற்றித் தூத்துக்குடிக்காரருக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. தெருக்குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், மத்தியானம் மூன்று மணிக்கு நல்ல தண்ணீர் வரும். காலையிலேயே குடங்கள் வரிசையில் உட்கார்ந்துவிடும். ஆள் நிற்க வேண்டியதில்லை. குடம் இல்லாதவள் ஒரு செங்கலை வைத்துவிட்டுப் போவாள். அந்தச் செங்கல்லையும் ஒருத்தி நகர்த்த மாட்டாள். சாவு வீட்டுக் குடமும் பிள்ளை பெற்ற வீட்டுக் குடமும் வரிசையில் நிற்காது. நேரே குழாயடிக்குப் போகும். இதை எந்த நகராட்சி சட்டம் போட்டது? சண்டை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. வாய் கிழியும். ஆனால் தண்ணீர் நின்றால் சண்டையும் நின்றுவிடும்.

அந்த அதிகாரி குழாய்க்கு நேர் எதிர்வீட்டில் வாடகைக்கு வந்தார். வீட்டுக்குள்ளேயே தண்ணீர் இணைப்பு உள்ள வீடு. ஒருநாள் சாயங்காலம் ஒரு காகிதத்தோடு என்னைத் தேடி வந்தார். இங்கிலீஷில் ஒரு பக்கம் நிறைய டைப் அடித்திருந்தது.

"நம்ம தெருவுக்குத் தார் ரோடு கேட்டு ஒரு மனு சார். நீங்கதான் பெரியவர். நீங்கதான் முதல்ல போடணும்."

என்னை அதுவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. காகிதத்தை வாங்கி, வாசிப்பவன் மாதிரி மேலிருந்து கீழே கண்ணை ஓட்டினேன். "நல்லா எழுதியிருக்கிய" என்றும் சொல்லித் தொலைத்தேன். அடுக்களை வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். சாயர்புரத்தில் எட்டாவது வரை படித்தவள். அவளிடம் நீட்டவில்லை. வாலை இழுத்துக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு காலை நகராட்சி ஆட்கள் வந்தார்கள். வரிசையில் குடங்கள் இருக்கும்போதே தோண்டி, குழாயைக் கழற்றி, வாயை அடைத்தார்கள். அடுத்த வீட்டுக்காரி ஓடி வந்தாள். அவள் மருமகளுக்குக் குழந்தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"ஏலே, யாரக் கேட்டுலே புடுங்குதிய?"

"எல்லாருஞ் சேந்து கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு எங்களக் கேக்கியளாக்கும்?" என்றான் கடப்பாரை பிடித்தவன்.

அவள் நேரே என் வீட்டுக்கு வந்தாள். "ஒங்க வாலப் பாத்துத்தான அண்ணாச்சி நானும் கைநாட்டு வச்சேன். பச்ச ஒடம்புக்காரிக்கு வெந்நி போட நான் எங்க போவேன்?"

நகராட்சிக்குக் கத்திக்கொண்டே போனேன். குமாஸ்தா மனுவை எடுத்துத் தமிழில் சொன்னார். தார் ரோடு ஒரு வரி. மற்றதெல்லாம் குழாய். குழாயடிப் பெண்களின் பேச்சைக் காதால் கேட்க முடியவில்லையாம். சேறாம், கொசுவாம். குழாயை எடுக்காவிட்டால் மனிதர் குடியிருக்க லாயக்கில்லையாம்.

"மொத கையெழுத்து ஒங்களதுதான அண்ணாச்சி? வாசிச்சுட்டுத்தான போட்டிய?"

யாரோ கள்ளக் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாரும் என்னைத் தெரிந்தவர்கள். என் லாரியைக் கண்டால் சைக்கிளை ஒதுக்குபவர்கள்.

"எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாதுவே. தெரிஞ்சவன் மாதிரி பாத்தேன். எழுதிக்கிடும்" என்றேன்.

பியூன் சிரித்தான். அதையே சொல்லி, குழாயைத் திரும்பக் கேட்டுப் புது மனு எழுதி, பழையபடி எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவரச் சொன்னார் குமாஸ்தா.

திரும்பும் வழியில் அதிகாரி வீட்டு வாசலில் நின்றேன். உள்ளே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவரிடம், குழாயை ஏன் பிடுங்க வைத்தீர் என்று கேட்டேன்.

"ரோடும் கேட்டிருக்கேனே சார். ஊர் முன்னேற வேண்டாமா?"

"நாளைக்கு மாத்தல் வந்தா பெட்டியக் கட்டுத ஆளு நீரு. அங்கன நிக்கிற செங்கல்லு எவ வீட்டு எடம்னாவது ஒமக்குத் தெரியுமாவே?"

கதவைச் சாத்திக்கொண்டார். அறையாமல் வந்ததற்கு இன்றைக்கும் வருந்துகிறேன்.

அன்றிலிருந்து பிள்ளை பெற்ற வீட்டுக்குத் தண்ணீர் என் லாரியில் வந்தது. இதை நான் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்? மனுவை என் மனைவி தமிழில் எழுதினாள். தெருவைக் கூட்டி இரண்டு தடவை சத்தமாக வாசித்தாள். 'எங்கள் தெருப் பெரியவர் மனுவை வாசிக்கத் தெரியாமலே முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார்' என்ற வரியையும் இரண்டு தடவை வாசித்தாள். குரலைத் தணிக்கவில்லை.

பழக்கத்தில் பேனாவுக்குக் கை நீட்டினேன். அடுத்த வீட்டுக்காரி பிடுங்கிக்கொண்டாள்.

"இருங்க அண்ணாச்சி. இந்தத் தடவ நீங்க கடேசி. நாங்க காதால கேட்டுட்டுப் போடுதோம்."

தெரு சிரித்தது. முதலில் சிரித்தவள் என் மனைவி.

காகிதம் என்னிடம் வந்தபோது அடியில் ஒரு விரல் இடம்தான் மிச்சம். வால் இழுக்க வழியில்லை. மொட்டையாகப் போட்டுக் கொடுத்தேன். அந்தக் காகிதத்துக்குத்தான் ஒன்றரை மாதம் கழித்துக் குழாய் திரும்பி வந்தது. தார் ரோடு வரவில்லை. அதிகாரி அடுத்த வருடமே மதுரைக்கு மாற்றலாகிப் போனார். அங்கே எந்தத் தெருக் குழாயைப் பிடுங்கினாரோ!