மெமரிக்குச் சந்தனம்

வந்தாறுமூலைக் கம்பஸில் இறுதியாண்டு ஆய்வை அச்செடுக்க இடம் தேடி அலைந்த நாளில்தான் இதை எழுதுகிறவன் யசோதினியின் வீட்டுக்குப் போனான். தன் ஊரில் கம்பஸ் வாசல் மிதித்த முதல் ஆள் அவன். அதை வழியில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான். உள்ளே மேசையில் ஒரு கம்பியூட்டர். அதன் நெற்றியில், சுவிச்சுக்கு நேர் மேலே, கலியாண மாப்பிள்ளைக்கு வைத்ததுபோல் ஒரு சந்தனப் பொட்டு.

"இதென்னக்கா, பொட்டெல்லாம்?"

"வெளியில வைச்சா ஒண்டும் செய்யாது தம்பி. உள்ளுக்கு வைச்சாத்தான் கூத்து" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள் யசோதினி. ஆய்வு அச்சாகி முடிவதற்குள் அந்தக் கூத்து முழுவதும் அவன் காதுக்கு வந்துவிட்டது.

யசோதினி பிறந்தது களுவன்கேணிக் கடற்கரையில். நல்லரத்தினத்தைக் கலியாணம் முடித்தும் அங்கேதான் குடியிருந்தாள். சுனாமி வந்த காலையில் புருசனும் பெண்சாதியும் வந்தாறுமூலையில் மாமியார் வீட்டில் நின்றார்கள். அதனால் கடல் வீட்டை மட்டும் கொண்டுபோனது. பக்கத்து வீடுகளுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. அதன்பிறகு கடற்கரைக்குத் திரும்ப அவளுக்கு மனமில்லை.

வாழ்வாதாரம் தருகிறோம் என்று ஜீப்பில் வந்தவர்கள் பெண்களுக்கெல்லாம் தையல் மெசின் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பக்கத்தில் மெசின் இல்லாத வீடு இல்லை. தைக்கத்தான் துணி இல்லை.

"எனக்குக் கம்பியூட்டர் தாங்க சேர்" என்றாள் யசோதினி.

வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "கம்பியூட்டரில என்னம்மா தைப்பீங்க?"

"அது வந்த பிறகு பாப்பம் சேர்."

வந்தது தையல் மெசின்தான். ஆனால் பரிதாபப்பட்டோ பகிடிக்கோ, ஒரு கம்பியூட்டர் வகுப்பிலும் அவளுக்கு இடம் போட்டுக் கொடுத்தார்கள். வகுப்பில் எல்லோரும் திரையைப் பார்க்க, இவள் மேசைக்குக் கீழே இருந்த பெட்டியைப் பார்த்தாள். உள்ளே ஏதோ இடைவிடாமல் இரைந்துகொண்டிருந்தது.

"உள்ளுக்கு என்ன சேர் இரிக்கி?"

"அது உங்களுக்குத் தேவையில்ல. நீங்க மவுஸப் புடிங்க."

தேவையில்லை என்று சொன்னால் விடுகிற பிறவியா அவள்? அடுத்த கிழமையே பஸ் ஏறி ஏறாவூருக்குப் போனாள். அங்கே பழுதான கம்பியூட்டர்களைத் திருத்துகிற றவூப், ஒரு பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். யசோதினியும் தன் தலையை விட்டாள். இரண்டு தலையும் முட்டிக்கொண்டன.

"பாத்து தங்கச்சி! என்ன தேடுறீங்க?"

"நானா, இது எங்கட வட்டை மாதிரியெல்லோ கிடக்கு!" என்றாள். முஸ்லிம் அண்ணன்மாரை அந்தப் பக்கத்தில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

நல்லரத்தினம் கூலிக்கு வேலை செய்த வட்டையில், அந்தப் பெரிய வயல்வெளியில், வாய்க்கால்கள் ஓடுகிற மாதிரியே பச்சைப் பலகையில் கோடுகள் ஓடின. மதர்போட் என்றார் றவூப். அப்போ அதுதான் வட்டை என்று அவள் முடிவுகட்டினாள். காற்றாடிக்குக் கீழே ஒளிந்திருந்த புறொசசர், எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்று கட்டளையிடும் வட்டை விதானையார். பவர் சப்ளை குளத்து மதகு. மெமரி சூடடிக்கிற களம். வேலை நடக்கும் மட்டும் எல்லாம் அங்கே பரவிக் கிடக்கும், கரண்ட் போனால் கூட்டித் துடைத்ததுபோல் ஆகிவிடும். ஹார்ட் டிஸ்க், வீட்டில் அடுக்கி வைத்த நெல் மூட்டை. கரண்ட் போனாலும் அது எங்கேயும் போகாது.

"எலி கடிச்சாத்தான் போகும், என்ன நானா?"

"வைரஸ் எண்டு ஒரு எலி இரிக்கி தங்கச்சி. அத நான் பிறகு சொல்றன்."

றவூப்பின் மனைவி நபீஸா நெடுநாளாய்ப் புருசனிடம் தையல் மெசின் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தாள். இவளிடம் மெசின் இருந்தது, அவரிடம் பழைய கம்பியூட்டர்ச் சாமான் குவிந்து கிடந்தது. பிறகென்ன, மெசின் ஏறாவூருக்குப் போனது. ஒரு கம்பியூட்டர் துண்டு துண்டாக வந்தாறுமூலைக்கு வரத் தொடங்கியது.

அது சண்டை மூண்டிருந்த காலம். கலர் கலராய் வயர் தொங்கும் பவர் சப்ளையைப் பையில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியில் இறங்குவது விளையாட்டல்ல. காவலில் நின்ற ஆமிக்காரன் அதை மேசையில் வைத்து, ஒரு அடி பின்னால் நகர்ந்து, இதென்ன என்று கையால் கேட்டான். யசோதினிக்குச் சிங்களம் வராது. "கம்பியூட்டர்! கம்பியூட்டர்!" என்று கத்திவிட்டு, குனிந்து அதன் காற்றாடியில் வாயால் ஊதினாள். காற்றாடி சுற்றியது. அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் பஸ்ஸால் இறங்கினாலே அவன் உதட்டைக் குவித்து ஊதிக் காட்டுவான்.

இப்படித் துண்டு துண்டாய்ச் சேர்ந்த கம்பியூட்டர், சண்டை முடிந்த வருடம் முழு உருவம் எடுத்தது. சிறுபிள்ளைகளுக்கு வகுப்பு வைக்கவேண்டும் என்பது யசோதினியின் ஆசை. அதையும் சும்மா தொடங்கினால் அவள் யசோதினியா? விஜயதசமியன்று, கோயிலில் அரிசியில் முதல் எழுத்து எழுதவைத்து ஏடு தொடக்குகிற அதே நல்ல நாளில், தன் வீட்டில் கம்பியூட்டரில் ஏடு தொடக்கப்போவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டாள்.

பக்கத்து வீட்டுப் புஸ்பம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏன்கா, அரிசியில எழுதுற எழுத்த இந்தத் தகரப் பெட்டியில எழுதினா சரஸ்வதி எங்க இரிப்பா?"

"உள்ளுக்கு இரிப்பா அக்கா. அங்க காத்தாடியும் இரிக்கி."

"வாய்க்குக் குறைச்சலில்ல. சரி, என்ட மகள் விதுர்ஷாவ விடுறன். ஆனா நல்ல நாளில தொடங்கி அது இடக்குப் பண்ணிச்செண்டா, இந்த ஊரில ஒரு தாயும் புள்ளய உன்ட வாசலுக்கு விடமாட்டாள். நானே வீடு வீடாப் போய்ச் சொல்லுவன்."

புஸ்பம் சொன்னால் செய்வாள். அவளுடைய தொண்டைக்குக் கோயில் ஒலிபெருக்கியே கூச்சப்படும்.

சரஸ்வதி பூசைக்கு முன் வீட்டைக் கழுவித் துடைப்பதுபோல் யசோதினி கம்பியூட்டரையும் கழற்றித் தூசி தட்டினாள். பெட்டி, மதர்போட், மெமரி, ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை எல்லாவற்றையும் கும்பத்துக்கு முன் வாழையிலையில் வரிசையாக வைத்தாள். பூசைக்கு வைத்த புத்தகத்தை விஜயதசமி வரைக்கும் யாரும் திறக்கமாட்டார்கள். கம்பியூட்டருக்கு மட்டும் வேறு சட்டமா? ஒன்றோடொன்று பொருத்திப் பூட்டி ஒருதரம் போட்டுப் பார்க்க அவளுக்குக் கை துருதுருத்தது. தொட முடியாதே! கையை அடக்கிக்கொண்டு பூசை அவலைத் தின்றாள்.

சந்தனம் அரைத்துப் பொட்டு வைப்பது நல்லரத்தினத்தின் பங்கு. குளிக்கப் போகுமுன் அவள் கண்டிப்பாகச் சொன்னாள்: "இஞ்சேருங்க, தகரத்தில மட்டும் வைங்க. மத்ததில கைபடக் கூடாது."

"ஓம் ஓம், எனக்குத் தெரியாதா?" என்றார் நல்லரத்தினம்.

விஜயதசமிக் காலை வீடு நிறைந்துவிட்டது. புது உடுப்புப் போட்ட பிள்ளைகள், வெற்றிலைத் தட்டோடு தாய்மார். அவர்கள் கண் முன்னாலேயே யசோதினி சாமான்களை ஒவ்வொன்றாய் எடுத்து, பெயர் சொல்லிச் சொல்லிப் பூட்டினாள். தாய்மார் வாய்பிளந்து நின்றார்கள். சுவிச்சை அமத்தினாள். காற்றாடி சுற்றியது. திரை கறுத்தே கிடந்தது.

'பீப்... பீப்... பீப்...'

"பல்லி சொல்லுது" என்றாள் ஒருத்தி.

"பல்லி இல்லகா, சரஸ்வதி. வரமாட்டன் எண்டு சொல்றா" என்றாள் புஸ்பம், வாசல் பக்கம் திரும்பிக்கொண்டே.

யசோதினியின் மூளை காற்றாடியைவிட வேகமாய்ச் சுற்றியது. காற்றாடி ஓடுகிறது, ஆகவே மதகில் பிழையில்லை. பெட்டி இப்படி நீளநீளமாய்க் கத்தினால் களத்தைக் காணவில்லை என்று அர்த்தம். றவூப் நானா படித்துப் படித்துச் சொன்னது. மெமரியைத்தான் சற்றுமுன் பூட்டினாளே! கரண்டை நிறுத்தி, அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். விளிம்பில் வரிசையாயிருக்கும் பொன்னிறப் பற்களின் மேல், பொன்னோடு பொன்னாய், காய்ந்த சந்தனம்.

"இஞ்சேருங்க!"

நல்லரத்தினம் தூணுக்குப் பின்னால் நின்றார். "தகரத்திலதான் புள்ள வைச்சன்... அந்தச் சீப்பு மாதிரிச் சாமானில பல்லெல்லாம் பொன்னாக் கிடந்திச்சு. பொன்னை வெறுமையா விடலாமா? அம்மன்ட நகைக்கு வைக்கிற மாதிரி ஒவ்வொரு பல்லுக்கும் மெல்லிசா..."

தாய்மார் குபீரென்று சிரித்தார்கள். யசோதினி நகத்தால் சந்தனத்தைச் சுரண்டப் போனாள்.

"நில்லு!" புஸ்பம் திரும்பி வந்தாள். "சாமிக்கு வைச்ச சந்தனத்த, அதுவும் இண்டைக்கு, அழிக்கிறாயா?"

அழித்தால் தெய்வக் குற்றம், அழிக்காவிட்டால் வகுப்பு இல்லை. யசோதினி வாழையிலைத் துண்டொன்றை எடுத்து மெமரிக்குக் கீழே பிடித்தாள்.

"அழிக்கல்ல அக்கா, எடுக்கிறன். பூசை முடிஞ்சா பிரசாதம் எடுக்கிறதில்லயா?"

சுரண்டிய சந்தனத்தில் ஒரு துளி தண்ணீர் விட்டு, விதுர்ஷாவின் நெற்றியில் வைத்தாள். புஸ்பத்துக்கு அதில் குற்றம் காண வழி தெரியவில்லை.

"அந்தச் சீப்பு என்ன செய்யும்கா?" என்று குரலை இறக்கிக் கேட்டாள்.

"வேலை செய்யக்குள்ள எல்லாத்தையும் ஞாபகத்தில வைச்சிருக்கும்."

அவ்வளவுதான்! "என்ட புள்ளைக்கும்கா!" "இவன் வாய்ப்பாடெல்லாம் மறக்கிறான், இவனுக்குக் கொஞ்சம் கூட வை!" இலையில் இருந்த சந்தனம் கண்மூடித் திறக்குமுன் முடிந்தது. "இன்னும் அரைச்சு, அதில தொட்டுத் தரட்டா?" என்று கிண்ணத்தோடு பாய்ந்து வந்தார் நல்லரத்தினம்.

"கிட்ட வராதீங்க!"

விதுர்ஷாவின் பென்சில் பெட்டியிலிருந்த அழிறப்பரை வாங்கி, யசோதினி பற்களைத் தேய்த்துத் தேய்த்துத் துலக்கினாள். மெமரியைச் செருகியிருந்த பழைய துளைக்குள்ளும் சந்தனப் பொடி இருக்குமென்று பக்கத்துத் துளையில் பூட்டினாள். பிள்ளையாரே என்று சுவிச்சை அமத்தினாள். ஒரேயொரு குட்டி 'பீப்'. திரை வெளித்தது.

விதுர்ஷாவைத் தூக்கிக் கதிரையில் இருத்தி, அவள் விரலைப் பிடித்து கீபோட்டில் வைத்தாள். திரையில் பெரிதாய் ஒரு 'அ' வந்தது. பிள்ளை விரலை எடுக்க மறந்துவிட்டது. அஅஅஅஅ என்று வரிக்கு மேல் வரியாய் எழுத்து ஓடியது. பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள்.

"இஞ்ச பாருங்கடி!" புஸ்பத்தின் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்டது. "என்ட புள்ள முதல் நாளே ஒரு கொப்பி நிறைய எழுதித்தாள்!"

பிறகு அவள் சொன்னபடியே வீடு வீடாகப் போனாள். வகுப்புக்குப் பிள்ளை பிடிக்க.

யசோதினி இன்றும் வந்தாறுமூலையில் அதே வீட்டில் பிள்ளைகளுக்குக் கம்பியூட்டர் படிப்பிக்கிறாள். முதல் பாடத்துக்கு மூடியைக் கழற்றுகிறாள். நல்லரத்தினம் வட்டை வேலைக்குப் போகிறார். சரஸ்வதி பூசைக்குச் சந்தனம் அரைப்பது இப்போதும் அவர்தான்; பொட்டு வைப்பது அவளுடைய வேலை.