குழவி ஏறிய லேப்டாப்

என் தங்கை பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்த லேப்டாப் அது. வந்த புதிதில் அதைத் தரையில் வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. தலையணை மேல்தான் வைத்தோம். தலையணை காற்றை அடைத்துச் சூடேற்றும் என்று அப்போது தெரியாது. கரண்ட் எந்த நேரம் போகுமோ என்று சார்ஜரைப் பிடுங்கவே மாட்டோம். கரண்ட் போனதும் தங்கை மூடியைத் திறப்பாள். அந்த வெளிச்சத்தில் எல்லோரும் சாப்பிடுவோம்.

அப்படி ஒரு சாயங்காலம் அவள் லேப்டாப்பை அப்பா பக்கம் திருப்பி வீடியோ எடுத்தாள். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா போய் ஆறு வருடம் ஆகிறது. போட்டோக்கள் இருக்கின்றன. அவர் குரல் அந்த ஒரு வீடியோவில்தான் இருந்தது. பென் டிரைவில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆளுக்கொரு தடவை சொன்னோம். யாரும் போடவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, தொண்டூரில் வாழ்க்கைப்பட்ட தங்கை லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டு செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள். துண்டை விலக்கிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் பேட்டரி இருந்த இடம் பூரி போல உப்பியிருந்தது.

“இன்னாம்மா இது?”

“புள்ளைங்களுக்கு நைனாவக் காட்டலாம்னு எடுத்தேன்ணா. சார்ஜ் போட்டா சுடுது. மேசமேல வெச்சா ஆடுது. அமுங்கிடும்னு அம்மிக் குழவியத் தூக்கி மேல வெச்சேன்.”

“குழவியா!”

“ஒரு நாள் பூரா வெச்சேன். அமுங்கல.”

திட்ட வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். திண்டிவனம் ரோட்டில் தெரிந்த மெக்கானிக் கடை ஒன்று உண்டு. அங்கே நடந்தே போனோம். வெயில் படாமல் லேப்டாப்பை நான் பிடித்துக்கொண்டேன்.

மெக்கானிக்குக் கிட்டத்தட்ட என் வயது. அதை இரண்டு கையாலும் வாங்கி மெதுவாக மேசையில் வைத்தார். உள்ளே நைனா வீடியோ இருப்பதைச் சொன்னோம். குழவிக் கதையைக் கேட்டதும் சிரித்தார்.

“மசாலா அரைக்காம வுட்டீங்களே அக்கா, அதுவே பெரிசு. உப்புனத அமுக்குனாலும் குத்துனாலும் குப்புனு தீப் புடிச்சிக்கும். இதையா பஸ்ஸுல மடியில வெச்சிக்கினு வந்தீங்க?”

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள்.

“பேட்டரிய ஸ்க்ரூ டிரைவரால நெம்பிட்டா வந்துடாதா?” என்று கேட்டேன்.

“சார், ஒங்களுக்கு அக்காவே தேவல.”

தங்கை சிரித்தாள். அன்று அவள் முதல்முறையாகச் சிரித்தது அப்போதுதான்.

அவர் அடிமூடியின் திருகுகளைக் கழற்றி, மூடியைத் தளர்த்தி, பிளாஸ்டிக் பட்டை ஒன்றால் அவசரப்படாமல் பேட்டரியை விடுவித்தார். பிறகு அதை மணல் நிரப்பிய தகர டப்பாவில் வைத்துக் கடைக்கு வெளியே தள்ளி வைத்தார். குப்பையில் போடக்கூடாதாம், பழைய பேட்டரி எடுக்க வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவாராம்.

“இந்த மாடல் பேட்டரி இல்லாமயே சார்ஜர்ல ஓடும். ஆனா ஒண்ணு, குழவி ஆர்ட் டிஸ்க் மேல ஒக்காந்திருந்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது.”

தங்கை என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில் திருவிழாக் கூட்டத்தில் அப்படித்தான் பிடித்துக்கொள்வாள். மெக்கானிக் சுவிட்சை அழுத்தினார். திரை கறுப்பாகவே இருந்தது. உள்ளே ஏதோ கரகரத்தது. ஒரு நிமிடம் போலப் பொறுத்து வெளிச்சம் வந்தது.

“மொதல்ல காப்பி. அப்புறம் பாருங்க” என்று அவர் பென் டிரைவைச் செருகினார்.

காப்பி ஏறி முடிந்த பிறகுதான் ஓடவிட்டார். மூன்று நிமிட வீடியோ என்று என் டைரியில் எழுதி வைத்திருந்தேன். முழு வீடியோவே நாற்பது விநாடிதான். நைனா திரைக்கு மிக அருகில் வந்து, தன் நெற்றியைத் தானே பார்த்து, கையால் முடியை ஒதுக்கிக்கொண்டார். பிறகு பக்கவாட்டில் திரும்பிக் கூப்பிட்டார்.

“ஏ, இங்க வா. நான் உள்ள இருக்குறேன் பாரு.”

“என்னக் கூப்புடுறாரு” என்றாள் தங்கை.

“நீதான லேப்டாப்பப் புடிச்சிருந்த? பக்கத்துல இருக்கறவள எதுக்குக் கூப்புடணும்? என்னத்தான்.”

“நீ அன்னிக்கி வூட்டுலயே இல்ல.”

“இருந்தேன். அடுப்பங்கரை வாசல்ல நின்னேன்.”

“இன்னொரு தடவ போடட்டுமா?” என்று மெக்கானிக் கேட்பதற்குள் அவள் கை நீட்டி அழுத்திவிட்டாள்.