ரோஜாச் செடி தின்னாத குளிசை

ரெங்கம்மா ஓடினால் காலில் ஏறிய அட்டைகூடப் பாதி வழியில் தலைசுற்றி விழுந்துவிடும் என்பார்கள். ஸ்பிரிங்வெளிக்கு மேலே, மேகம் லயத்துக் கூரையில் வந்து படுத்துக்கொள்ளும் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவள் அவள். காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்குக் கடைசி ஆளாகக் கிளம்பி முதல் ஆளாக நிற்பாள். ஆள் வந்து நின்று மூச்சும் வாங்கிய பிறகுதான், "வந்துட்டேங்க!" என்று மேலே இருந்து அவள் போட்ட சத்தம் மலையிறங்கி வந்து சேரும். நம்பாதவர்கள் பெரட்டில் பேர் எழுதிய கங்காணியைக் கேட்கலாம்; பாவம், அவர் இப்போது இல்லை.

அப்படிப்பட்டவள்தான் எழுபத்தெட்டாம் ஆண்டு, தோட்டங்களுக்கிடையே நடந்த பெண்கள் ஓட்டத்தில், ஹாலிஎலையிலிருந்து எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்து, பதுளைக்குள் நுழையும் கடைசி வளைவில் கண் இருட்டி விழுந்தாள். தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். கண்ணேறு என்றது ஒரு வாய். ரெண்டு பிள்ளை பெற்றவளுக்கு என்ன ஓட்டம் என்றது இன்னொரு வாய். அந்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று சொந்தக் காலில் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ரெங்கம்மாவுக்கு; கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள்.

மறு ஆண்டு ஒரு விதி போட்டார்கள். தோட்டத்து மருந்துச்சாலை ஐயா சம்மதித்தால்தான் ஓடலாம். அந்த ஐயா சிற்றம்பலம், யாழ்ப்பாணத்துக்காரர். அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தார். தேங்காய்ச் சொட்டுப்போல் வெளுத்திருந்தது.

"பிள்ளை, உனக்குள்ள ஓடுறது இரத்தமில்லை, கஞ்சித் தண்ணி. இரும்புச்சத்துக் குளிசை தாறன். சாப்பாட்டோட போடு. இரத்தம் ஊறினால் ஓடு. இல்லையெண்டால் நான் விடமாட்டன்."

ரெங்கம்மாவின் புருஷன் வீரபத்திரனுக்குக் குளிசை, மாத்திரை என்றாலே நம்பிக்கையில்லை. அந்த நாளில் கடைகளில் வெளிநாட்டுச் சாமான் வந்து குவியத் தொடங்கியிருந்தது. பதுளைக் கடைவீதியில் புஹாரியின் கடையில் ஒரு சத்துமா டின்; டின்னில் ஒருவன் சட்டையில்லாமல், தோளில் பூசணிக்காய் கட்டினவன் மாதிரி நின்றான்.

"முதலாளி, எம் பொஞ்சாதி ஓட்டத்துல ஓடப் போறா. இதக் குடிச்சா இப்படி ஆகிறலாமா?"

புஹாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மகன், அவன் இதக் குடிச்சு அப்படி ஆகல்ல. அப்படி ஆன பொறகு புடிச்ச படம் அது."

"அப்புறம் எதுக்கு விக்கிறீங்க?"

"வாங்க வாறீங்களே! பொஞ்சாதி ஓடுறதெண்டா பயறு வாங்குங்க, நெத்தலி வாங்குங்க. படம் வேணுமெண்டா டின்ன வாங்குங்க."

வீரபத்திரன் மூன்றையும் வாங்கினான். சத்துமாவைப் பிள்ளைகள் விரலால் நக்கியே முடித்தார்கள். டின் மட்டும் நெடுங்காலம் உப்புப் போட உதவியது.

ஓட்டத்துக்கு இன்னும் சில வாரங்களே இருந்தபோது, சிற்றம்பலம் மறுபடி இமையை இழுத்தார். அதே தேங்காய்ச் சொட்டு. அவர் முகம் கறுத்தது. காரணம் இருந்தது. மருந்துச்சாலைப் படிக்கருகே ஒரு ரோஜாச் செடி. கசக்கிறது, குமட்டுகிறது என்று பெண்கள் குளிசையை அதன் அடியில் துப்பிவிட்டுப் போவார்கள். அத்தனை இரும்பையும் தின்று அந்தச் செடி வெட்டப் போன கத்தியையே வளைத்தது என்று ஒரு பேச்சு.

"உண்மையைச் சொல்லு. நீயும் ரோசாவுக்குத்தான் குடுத்தனியோ?"

ரெங்கம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "சாமி சத்தியமா ஒண்ணு விடாம முழுங்குனேங்க ஐயா. வேணுன்னா இப்பவே பாருங்க!"

கூடைக்குள்ளிருந்து ரொட்டியை எடுத்து ஒரு கடி கடித்தாள். குளிசையை வாயில் போட்டாள். பழைய சாராயப் போத்தல் ஒன்றைத் திறந்து, கன்னங்கரேலென்ற சாயத்தண்ணியை மடக் மடக்கென்று குடித்தாள்.

சிற்றம்பலம் கதிரையை விட்டு எழுந்தே விட்டார். "ஐயோ பிள்ளை, தேத்தண்ணியோடயா?"

"நீங்கதானே ஐயா சாப்பாட்டோட போடுன்னீங்க? தேத்தண்ணி இல்லாம ஒரு சாப்பாடா?"

அவர் மெதுவாக உட்கார்ந்தார். தேயிலைச் சாயம் இரும்பை வயிற்றிலேயே பிடித்துக்கட்டி, உடம்பில் சேரவிடாது என்பதை அவர் வாசித்திருந்தார். சுற்றிலும் ஒரு மலை பாக்கியில்லாமல் தேயிலை. நாளெல்லாம் ஜன்னலுக்கு வெளியே அதைப் பார்த்துக்கொண்டும், எதோடு குளிசை போடுகிறாய் என்று அவளிடம் ஒரு வார்த்தை கேட்க அவருக்குத் தோன்றவில்லை.

"பிழை என்ரையும்தான். சாப்பாட்டுக்கும் குளிசைக்கும் கிட்ட தேத்தண்ணி வரப்படாது. ரெண்டு மணித்தியாலம் தள்ளிக் குடி. குளிசையைத் தேசிக்காய் பிழிஞ்ச புளித்தண்ணியோட போடு. முருங்கையிலை, பயறு, நெத்தலி எல்லாம் நல்லாச் சாப்பிடு."

சொல்வது சுலபம். தேத்தண்ணி இல்லாத ரொட்டி தொண்டைக்குள் சத்தியாக்கிரகம் செய்தது. மலையில் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் விடுவார்களா?

"தேத்தண்ணி குடிக்காதவளுக்குத் தோட்டத்துல பேரு வெட்டிருவாங்கடி!"

"வெட்டட்டும். ஓடிப்போயி மறுபடி எழுதிட்டு வந்துருவேன்."

மெல்ல மெல்ல மாற்றம் தெரிந்தது. மேட்டில் ஏறும்போது நெஞ்சு அடித்துக்கொள்வது குறைந்தது. உதட்டில் கொஞ்சம் நிறம் வந்தது. ஓட்டத்துக்கு முந்தின வாரம் சிற்றம்பலம் இமையை இழுத்துப் பார்த்து, வெளியே ரோஜாவையும் ஒருதரம் பார்த்தார்.

"அவ்வளவு சிவப்பில்லை. ஆனால் ஓடலாம். தலை சுத்தினால் உடனே நில்லு, என்ன?"

ஓட்டத்தன்று கடைசி வளைவில் அவளுக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். போன வருஷம் விழுந்த இடம் வந்தது. கண் இருட்டவில்லை. கால் நிற்கவில்லை. வளைவைத் தாண்டினாள், மூன்றாவதாக எல்லைக் கயிற்றைக் கடந்தாள். வீரபத்திரன் போட்ட கூச்சலில் பதுளை ஸ்டேஷனில் நின்ற ரயில் புறப்பட்டுவிட்டது என்பது அவனே சொன்னது.

சிற்றம்பலம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "வளைவுக்கு அங்கால என்ன இருந்தது பிள்ளை?"

"ஒண்ணுமே இல்லீங்க ஐயா. ஒரு தந்திக்கம்பம், ஒரு நாயி." மூச்சு வாங்கிச் சிரித்தாள். "அப்புறம் அந்த ரெண்டு பேரோட முதுகு. அடுத்த வருஷம் அதையும் தாண்டிப் பாக்கணும்."

யாரோ ஒரு கிளாஸ் தேத்தண்ணியை அவள் கையில் திணித்தார்கள். அவள் வாய்க்குக் கொண்டுபோகாமல் ஐயாவைப் பார்த்தாள்.

"குடி, குடி," என்றார் அவர். "இண்டைக்குக் குளிசை ரோசாவுக்கே போகட்டும்."