நர்சம்மா வீட்டு மணி

என் அத்தை ஜெயசீலியைச் சித்தூரில் எல்லாரும் நர்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கையால் பிறந்தவர்கள் அந்த ஊரில் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். நான் அவள் கையால் பிறக்கவில்லை. நான் பிறந்த அன்று என் அம்மா லோயிஸ் செத்துப்போனாள். அத்தை வீட்டில் வைத்த மணிதான் காரணம் என்று எங்கள் சபையில் இன்றும் சொல்கிறார்கள். மணி என்ன செய்யும், பாவம்? அதை வைத்தவர்கள் மனிதர்கள்.

அத்தையும் அவள் தம்பியான என் அப்பா சுந்தர்ராஜும் ஊருக்குத் தெற்கே சேரியில் பிறந்தவர்கள். வெள்ளைக்காரன் காலம். மிஷன் பள்ளியில் அத்தை நன்றாகப் படித்தாள். ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்க்கக் கற்றுக்கொண்டாள். அப்பாவுக்குப் படிப்பு ஏறவில்லை. வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்கினார். அத்தையைக் கட்டியவர் தியோடர், கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா. அவரும் வேறொரு சேரிக்காரர்தான். அது தனக்கே மறந்துபோகும்படி வெளுத்த கோட்டு ஒன்று போட்டிருப்பார். வேலூர்ப் பக்கத்துப் பெரிய குடும்பம் என்று சொல்லி, நம்மவர்களுக்கு யாரும் வாடகைக்கு விடாத தெருவில் வீடு பிடித்தார்.

குடி போன மாதமே, திருவிருந்து ஞாயிறன்று, கோயில் வாசலில் என் அப்பாவை நிறுத்தினார்.

"சுந்தரு, உங்க அக்கா நல்லா இருக்கணும்னு நெனைக்கிறியா?"

"இன்னா மாமா இப்பிடி கேக்கறீங்க?"

"அப்போ அந்தத் தெருவுல அவள அக்கான்னு கூப்புடாத. நர்சம்மான்னு கூப்புடு. உறவுன்னு யார்கிட்டயும் சொல்லாத. படி ஏறாத. தெருவுல நின்னே கூப்புட்டுக்கோ. வாக்கு குடு."

அப்பா கையை நீட்டிக் கொடுத்தார். பிறகு இருவரும் உள்ளே போய் ஒரே அப்பத்தில் பங்கு வாங்கினார்கள். திருவிருந்துக்கு முன் கொடுத்த வாக்கை மீறினால் அந்த அப்பத்தைச் சாபமாகத் தின்றதற்குச் சமம் என்பது எங்கள் சபையின் நம்பிக்கை. என் அப்பா அதை எழுத்துக்கு எழுத்து நம்புகிறவர். அது தெரிந்துதான் தியோடர் அந்த நாளைப் பார்த்துக் கேட்டார்.

அடுத்த முறை தெருவில் நின்று அப்பா "நர்சம்மா" என்று கூப்பிட்டபோது அத்தை சிரித்துவிட்டாள். "இன்னாடா புதுசா?" என்றாள். அப்பா தோளில் கிடந்த கோணித்துண்டைச் சரிசெய்துகொண்டார். அவளும் மேலே கேட்கவில்லை. கேட்டால் என்ன தெரியவரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

தியோடர் ஆபீஸ் இல்லாத நேரமெல்லாம் வராந்தாவில் சாய்வு நாற்காலியில் கிடப்பார். பிரசவத்துக்குக் கூப்பிட வருகிறவர்களின் குரலை வைத்தே அவர்களை எடை போட்டுவிடுவார். கடைவீதிக் குரல் என்றால் எழுந்து நின்று வரவேற்பார். சேரிக் குரல் என்றால் தலையைக்கூடத் தூக்காமல், "நர்சம்மா ஊர்ல இல்ல" என்பார். அத்தை பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருப்பாள். இப்படி ஒருத்தியின் வீட்டாரைத் திருப்பி அனுப்பி, அவள் குழந்தை போயிற்று. சாவு விழுந்த பிறகே அத்தைக்கு விஷயம் தெரிந்தது. அவள் அன்று சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. மணி வைக்கலாம் என்று யோசித்தாள்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகள் நர்சைக் கூப்பிடப் படுக்கையருகே மணிப் பொத்தான் இருந்தது. பழைய மணி ஒன்றைக் கழற்றிப் போட்டபோது அத்தை கேட்டு வாங்கி வந்தாள். அந்தத் தெருவுக்குக் கரண்ட் வரவில்லை. இந்த மணிக்கு அது வேண்டியதும் இல்லை. இரண்டு கண்ணாடி ஜாடிகளில் நவச்சாரத் தண்ணீர், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு கரித்துண்டும் துத்தநாகக் குச்சியும்; அதுதான் பேட்டரி. பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவனிடமே நவச்சாரம் கிடைத்தது. தந்தி ஆபீஸ் கோவர்த்தனன் வந்து, நூல் சுற்றிய கம்பியை உத்தரத்தோடு சின்ன ஆணிகளால் அடித்துக்கொண்டு போய், மணியைச் சமையலறைச் சுவரில் மாட்டினார். பொத்தானை அழுத்தினால் யாராக இருந்தாலும் ஒரே சத்தம். குரலை மறைக்கத்தான் அத்தை இவ்வளவும் செய்தாள்.

தியோடர் மறுப்பார் என்று பயந்திருந்தாள். அவரோ பூரித்துப்போனார். துரை பங்களாவில் இருப்பதைப் போல ஒரு மணி! ஆனால் பொத்தானைத் தெருக் கேட்டில் வைக்கலாம் என்று அத்தை சொன்னதும் முகம் மாறியது.

"மழையில நனைஞ்சு கெட்டுப்போகும். போற வர்ற பொறுக்கியெல்லாம் அமுக்கிகினு போவான். வாசக்கதவு பக்கத்துல வை."

"கம்பி கேட்டு வரைக்கும் எட்டுங்க சார்," என்றார் கோவர்த்தனன்.

"எட்டட்டும். நான் சொல்ற எடத்துல வைப்பா."

அத்தை விட்டுக்கொடுத்தாள். மணி கிடைத்ததே பெரிது என்று நினைத்தாள். படிகள் ஏறி, வராந்தாவைக் கடந்து, தியோடரின் பெயர்ப்பலகைக்குக் கீழே பொத்தான் உட்கார்ந்தது.

மணி நன்றாகத்தான் அடித்தது. சாய்வு நாற்காலிக்காரர் வாய் திறப்பதற்குள் அத்தை ஓடிவந்துவிடுவாள். முன்பெல்லாம் என்ன வேலை செய்தாலும் ஒரு காதைத் தெருவில் வைத்திருந்தவள், இப்போது நிம்மதியாகப் பின்கட்டில் இருந்தாள். தேவையென்றால் அடிப்பார்கள். அடிக்காவிட்டால் தேவையில்லை. சேரியிலிருந்து மட்டும் யாரும் அடிக்கவில்லை. அங்கே ஒருத்தியும் பிள்ளை பெறவில்லையா என்று அவள் ஒரு நாளாவது யோசித்திருக்கலாம். அவளுக்கு யோசிக்க நேரமில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

என் அம்மாவுக்கு நாள் நெருங்கியபோது கோயிலில் வைத்து அத்தை அப்பாவிடம் சொன்னாள்: "வலி வந்ததும் ஓடியா. யாரையும் கேக்காத. நேரா ஏறிவந்து பொத்தான அமுக்கு." அப்பா தலையை ஆட்டினார். வாக்கைப் பற்றி அப்போதும் சொல்லவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் வலி வந்தது. தியோடர் ஆபீஸில் இருந்தார். அப்பா நனைந்துகொண்டே ஓடி, தெருவில் நின்று "நர்சம்மா, நர்சம்மா" என்று கத்தினார். ஓட்டின் மேல் மழை அடிக்கிற அடியில் எந்தக் குரல் பின்கட்டுக்குப் போகும்? கத்திக் கத்திப் பார்த்துவிட்டு, கடைசியில் வாக்கில் பாதியை மீறினார். படி ஏறினார். பொத்தானை நோக்கிக் கை நீட்டினார்.

"ஏய்! எவரு அதி? எங்க ஏறுறே?"

எதிர்வீட்டுத் தெலுங்குக்காரி யசோதா, ஜன்னலில் இருந்தாள். அப்பாவின் நீட்டிய கை அப்படியே நின்றது. நர்சம்மா என் அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாக்கின் மீதிப் பாதி அதுதான். அவர் படியிறங்கிவிட்டார். கொஞ்ச நேரம் மழையில் நின்றார். பிறகு சேரிக்கே ஓடி, தொப்புள்கொடி அறுக்கிற கிழவியைக் கூட்டிவந்தார். அவளுக்குக் கொடி அறுக்கத் தெரியும். நிற்காமல் போகிற ரத்தத்தை நிறுத்தத் தெரியாது.

மழை விட்டதும் யசோதா அத்தையிடம் வந்தாள், நல்ல காரியம் செய்த முகத்தோடு.

"ஏமண்டி நர்சம்மா, மத்தியானம் ஒருத்தன் உங்க பெல்ல தொடப் பாத்தான். சேரி ஆளு. நான்தான் வெரட்டிவுட்டேன். கதவ சாத்தி வச்சுக்கோங்க."

"எப்படி இருந்தான்?"

"நெட்டையா, தோள்ல கோணித்துண்டு போட்டுகினு."

அத்தை பிரசவப் பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். "அவன் என் தம்பி. என் கூடப் பொறந்தவன்," என்று நடுத்தெருவில் நின்று கத்தினாள். பக்கத்து வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். அவள் ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது என்னைக் கிழவி மடியில் வைத்திருந்தாள். அம்மாவைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

தியோடர் வீடு திரும்பியதும், லோயிஸ் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. "எதிர்வீட்டுக்காரிகிட்ட இன்னா சொன்ன?" என்று கேட்டார். வீட்டுக்காரர் அந்த வாரமே காலி செய்யச் சொல்லிவிட்டார். தியோடர் திருப்பதிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். அத்தை உடன் போகவில்லை. போகும்போது அவர் மணியையும் ஜாடிகளையும் மறக்காமல் கழற்றி எடுத்துக்கொண்டார்.

அத்தை என்னை எடுத்துக்கொண்டு சேரிக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு பார்த்தாள். அங்கே மணி இல்லை. கதவு சாத்தியதும் இல்லை. அப்பா மண்டி வேலை முடிந்து தினமும் என்னைப் பார்க்க வருவார். தெருவிலேயே நின்று, "நர்சம்மா, கொயந்த துன்னுச்சா?" என்பார்.

"உள்ள வாடா."

வரமாட்டார். ஒரு நாள் அத்தை இறங்கிப் போய் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். நான் சோற்றுத் தட்டோடு வாசலில் இருந்தேன்.

"இங்க யாரும் இல்லடா. ஒரே ஒரு தபா அக்கான்னு கூப்புடு."

"வாக்கு குடுத்துட்டன், நர்சம்மா. மாமாகிட்ட."

வாக்கு அந்தத் தெருவுக்குத்தான். அது அவருக்கும் தெரியும், அம்மா செத்த அன்று அவர் வாயாலேயே அதைக் கேட்ட அத்தைக்கும் தெரியும். இது பக்தியல்ல, கோபம். மூட்டை தூக்குகிறவரிடம் அவளைத் தண்டிக்க வேறு என்ன இருந்தது? அத்தை சட்டையை விட்டுவிட்டு உள்ளே வந்து, எனக்கு மறுசோறு போட்டாள்.

பல வருஷம் கழித்து அத்தை செத்தபோதும் அப்பா தெருவில்தான் நின்றார். நான் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவந்தேன். பெட்டியை மூட ஆட்கள் காத்திருந்தார்கள்.

"இப்பவாச்சும் கூப்புடு நைனா," என்றேன்.

அவர் குனிந்து அவள் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

"நர்சம்மா," என்றார்.