தெளிந்த தண்ணீரை மட்டும் டெஸ்ட் செய்தேன்

குடிதண்ணீர் டெஸ்ட் செய்யும் லேபில் கெமிஸ்டாக இருந்து ரிட்டயர் ஆனவன் நான். புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்களுக்கு என் தப்பு ஒன்றைச் சொல்கிறேன்.

1. சாம்பிள்

கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலையில் பூந்தோட்டம் வைத்திருந்தவர் வசந்தா அம்மா. தன் போர்வெல்லைக் காட்டினார்.

"புடிக்கறப்ப தெளிவா இருக்குது சார். கொஞ்ச நேரம் வெச்சா செவப்பா படியுது. சேத்து வாட வேற."

மேட்டுப் பக்கம் ஒரு பெரிய பள்ளம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அன்னதானத்தில் மீந்த சோறும் இலையும் அதில்தான் கொட்டப்படும். பார்த்தேன், குறித்துக்கொள்ளவில்லை.

உலோகங்களைப் பார்க்க எடுக்கும் சாம்பிளில், கரைந்திருப்பது படியாமலிருக்க, எடுத்த இடத்திலேயே கொஞ்சம் நைட்ரிக் ஆசிட் விட வேண்டும். ஆசிட்டை லேபிலேயே மறந்துவிட்டேன். இன்னொரு முறை வர சோம்பல்.

இரண்டு நாள் கழித்துக் கேனைத் திறந்தால் அடியில் செம்படிவு. மேலே தெளிந்திருந்ததை மட்டும் டெஸ்ட் செய்து, படிவைக் கீழே ஊற்றிவிட்டு, 'குடிக்க ஏற்றது' என்று கையெழுத்துப் போட்டேன்.

"வெறும் இரும்புதாம்மா. படியறதுக்குள்ள குடிச்சிடுங்க" என்று சிரித்தேன்.

2. இரண்டு ரிப்போர்ட்

அடுத்த வருஷம் அதே போர்வெல்லில் சாம்பிள் எடுத்தவர் என் சக ஊழியர் கலைச்செல்வி. முறைப்படி ஆசிட் விட்டிருந்தார். ஆர்சனிக் என்ற நஞ்சு லிமிட்டைத் தாண்டியிருந்தது.

"போன வருஷம் உங்க ரிப்போர்ட்ல இல்லவே இல்லையே சார்?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பள்ளத்தில் அழுகியது மண்ணுக்குள் இறங்க, அதைத் தின்று பாக்டீரியா பெருகியிருக்கிறது. ஆக்சிஜன் தீர்ந்தபின் சில பாக்டீரியாக்கள் மண்ணிலுள்ள இரும்புத் துருவை வைத்துச் சுவாசிக்கும். துரு கரையும்போது, அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் தண்ணீரில் இறங்கிவிடும். காற்றுப் பட்டதும் இரும்பு மறுபடி துருவாகி, ஆர்சனிக்கையும் இழுத்துக்கொண்டு படியும். நான் கீழே ஊற்றியது அந்தப் படிவைத்தான். படியும் முன் குடிக்கச் சொன்னவனும் நானே.

"ஆசிட் விடல" என்றேன். கலைச்செல்வி இரண்டு ரிப்போர்ட்டையும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

3. வாசல்

வசந்தா அம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன்.

"என் தப்புதாம்மா. இனிமே இதைக் குடிக்காதீங்க. எல்லாரும் ஆஸ்பத்திரியில ஒரு தடவ காட்டிடுங்க."

அவர் கத்தவில்லை. "உங்க பேப்பர காட்டித்தான் சார் பக்கத்துல நாலு வூட்டுக்கும் தண்ணி குடுத்தேன். ஒரு வூட்ல கைக்கொழந்த இருக்குது. நான் இப்ப போயி இன்னான்னு சொல்லுவேன்?"

"ஆபீஸ்ல வேலை இருக்கு" என்று பைக்கை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்தேன். சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு முதல் வீட்டு வாசலில் நின்றிருந்தார்.

பள்ளத்தை மூடினார்கள். வேறு இடத்திலிருந்து பைப் தண்ணீர் வந்தது. பரிசோதனையில் யாருக்கும் பாதிப்பு தெரியவில்லை. அது அவர்கள் அதிர்ஷ்டம், என் திறமை இல்லை.

டெஸ்டில் தப்பு யாருக்கும் வரும். வந்தால், அதை நம்பிக் குடித்த ஒவ்வொரு வீட்டுக்கும் நீங்களே போய்ச் சொல்லுங்கள். நான் அந்த நாலு வீட்டுக்கும் இன்றுவரை போகவில்லை.