துடைத்த சோளம்

எட்டு வயதில் எங்கள் காட்டுச் சோளத்தை ஈயிடமிருந்து காப்பாற்றியவள் நான். இதைக் கேட்டுச் சிரித்தவர்களோடு வாரக்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறேன்.

திருச்சுழிக்குத் தெற்கே ஒரு ஏக்கர் கரிசல் காடு எங்களுக்கு. அந்த வருஷம் மழை பிந்தியது. பிந்தி விதைத்த பயிரைக் குருத்து ஈ சும்மா விடுமா? முளைத்துப் பதினைந்து நாளில் செடிக்குச் செடி நடுக்குருத்து காய்ந்து நின்றது. இழுத்தால் அழுகல் நாற்றத்தோடு கையிலே வந்துவிடும். அப்பா வரப்பில் நின்று சொன்னார்: "இந்த வருசம் எப்பிடியோ ஓட்டிறலாம். அடுத்த வருசமும் மாட்டுக்குப் போடத் தட்டை இல்லைன்னா, பசுவையும் கன்னையும் சந்தையில பிடிச்சுக் குடுத்துற வேண்டியதுதேன்."

கன்று என்றால் என் கன்று.

மறுநாள் காடு முழுக்கச் சுற்றினேன். அங்கங்கே தப்பித்த செடிகள் இருந்தன. அவற்றின் இலை எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது. செத்தவற்றின் இலையில் சாம்பல் பூத்தாற்போல் மெழுகு படிந்திருந்தது. தூக்குச்சட்டித் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தேன். மெழுகு இலையில் உருண்டு ஓடியது. மினுக்க இலையில் பொட்டுப் பொட்டாக ஒட்டி நின்றது. அவ்வளவுதான், விஷயம் பிடிபட்டுவிட்டது! ஈக்கு மெழுகுதான் பிடிக்கிறது. துடைத்துவிட்டால் தீர்ந்தது.

பழைய சேலைக் கிழிசலை நனைத்து, பள்ளிக்கூடம் போகும் முன் தினமும் இலை துடைத்தேன். "சோளத்துக்கு மூஞ்சி கழுவுறா, நாளைக்குப் பவுடரும் போட்டு விடுவா" என்று அண்ணன் தெருவெல்லாம் பரப்பினான். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு மினுக்க இலையை விரலால் தடவினாள்.

"இது நீ தொடைச்சதா?"

"இல்லம்மா, இது தானாவே இப்பிடி."

"ம்" என்றாள். மறுநாள் மினுங்கும் செடிகளின் பக்கத்திலெல்லாம் சிவப்புத் துணி கட்டிய குச்சி நின்றது. அறுவடையில் அந்தக் கதிர்களை மட்டும் தனியாக அறுத்து ஒரு பானையில் போட்டு வைத்தாள். கண்ணேறு கழிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருஷமும் பாழாய்ப்போன மழை பிந்தியது. அம்மா அந்தப் பானையிலிருந்து எடுத்துக் கொடுத்த விதையைத்தான் அப்பா விதைத்தார். முளைத்ததும் ஓடிப்போய்த் தண்ணீர் தெளித்தேன். ஒட்டியது! அடுத்த செடியிலும் ஒட்டியது! பக்கத்துக் காட்டில் குருத்துக் குருத்தாகக் காய்ந்துகொண்டிருக்க, எங்கள் காட்டில் அங்கொன்று இங்கொன்றுதான் போனது. போன வருஷம் நான் துடைத்ததைச் சோளம் மறக்கவில்லை என்று ஊருக்கே அறிவித்தேன். தட்டைப் படப்பு வீட்டு உயரத்துக்கு எழும்பிய அன்று, கன்றின் கழுத்தில் மணி கட்டித் தெருவில் ஊர்வலம் விட்டேன். நரிக்குடி பஸ்ஸுக்கு நின்றவர்களிடமெல்லாம் அப்பா, "எம்மக தொடைச்ச சோளம்" என்று பெருமையடித்தார். அப்பாடா, என்ன ஒரு நாள் அது!

இலை மெழுகும் மினுக்கமும் பரம்பரைக் குணம், விதையோடு இறங்குவது, துடைத்து வருவதில்லை என்று வேளாண்மைக் கல்லூரி எனக்குச் சொல்லித்தர இன்னும் பத்து வருஷம் இருந்தது.

பக்கத்துக் காட்டுக்காரர் ஊர்வலம் விட்ட அன்று சாயங்காலமே வந்துவிட்டார். "பாப்பா, எங்க காட்டையும் வந்து தொடைச்சு விடுறியா?"

நான் கிழிசலை எடுக்க எழுந்தேன். அம்மா என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அவ பள்ளிக்கொடம் போகணும்ண்ணே. விதை தாரேன், கொண்டு போங்க."

படி நிறைய அள்ளி அவர் துண்டில் கொட்டினாள். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. துடைக்க ஆள் இல்லாமல் வெறும் விதையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் என்னதான் செய்வார்?