பாப்பரசருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கொட்லாந்துக்காரர்

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், மொன்றியலில் எங்கள் தமிழ்ப் பங்குக் கோயிலின் கீழ்த்தள மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பித்தேன். மடக்கை, அதாவது லொகரிதம் தொடங்கிய அன்று, அதைக் கண்டுபிடித்த ஸ்கொட்லாந்துக்காரரின் படத்தைச் சுவரில் ஒட்டினேன். இருபது ஆண்டுகள் தனியே இருந்து கணித்து, பெரிய பெருக்கலையெல்லாம் கூட்டலாக மாற்றித் தந்த மனிதர். சுவரில் இடமிருந்தது பாப்பரசர் படத்துக்குப் பக்கத்தில் மட்டும்தான்.

வகுப்பு முடிந்ததும் பங்குச் சபைத் தலைவர் வந்தார். ஊரில் நில அளவையாளராக இருந்தவர்.

"தங்கச்சி, உந்தப் படத்தைக் கழட்டுங்கோ. இந்தாள் பாப்பரசரை அந்திக்கிறிஸ்து, கிறிஸ்துவின்ர எதிரி எண்டு புத்தகம் எழுதினவர். இன்ரநெற்றில பாத்தனான்."

"ஓம் அண்ணை, எழுதினவர்தான். உலகம் எப்ப அழியும் எண்டும் அதில கணிச்சவர். அந்தக் காலம் போய் முந்நூறு வருசமாச்சு. நான் படிப்பிக்கிறது அதையில்லை, மடக்கையை."

"எண்டாலும் கோயில் மண்டபத்தில..."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஊரில நீங்கள் மடக்கை வாய்ப்பாட்டை வைச்சுத்தானே காணி அளந்தனீங்கள்? ஒருநாளாவது சுவாமியிட்டைப் போய் அதுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்தனீங்களோ?"

அவர் கதிரைகளை அடுக்கத் தொடங்கினார்.

அடுத்த சனிக்கிழமை படத்தைக் காணவில்லை. செலோரேப் துண்டுகள் மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தன. பையிலிருந்து அதே மனிதரின் இன்னொரு படத்தை எடுத்து அதே இடத்தில் வைத்து அழுத்தினேன். இந்த முறை பின்பக்கம் முழுக்கப் பசை பூசியிருந்தேன்.